ஏத்துப் பேச்சும் எறக்குப் பேச்சும்

1

லிவர்பூல் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் முதன்முதலாக ரசம் கொதித்தது என் அடுப்பில்தான். வாசனை தாங்கவில்லை என்று அன்றைக்குப் புகார் எழுதிப் போட்ட பக்கத்து வீட்டு அம்மாள், இன்றைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். யுத்தத்தில் குண்டு விழுந்து பாதிச் சுவர் போயிருந்த கட்டடத்தை எடுத்து, என் கையால் செங்கல் அடுக்கி, கீழே சாப்பாட்டுக் கடையும் மேலே கப்பல்காரர்கள் தங்குகிற அறைகளுமாக ஆக்கியவன் நான். திருவொற்றியூரில் கொத்திய அம்மிக்கல்லைக் கப்பலில் வரவழைத்தவனும் நான்தான். சுங்கத்தில் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, இது சிலையா ஆயுதமா என்று கேட்டார்கள். ‘சட்னி’ என்று ஒரே வார்த்தை சொன்னேன், விட்டுவிட்டார்கள். மீன் தலையை வெட்டிப் பூனைக்கு எறிந்துகொண்டிருந்த ஊர் இது. அதைத் தனியாக எடுத்துவைக்க மீன்காரனைப் பழக்கினேன். என் மனைவி கன்னியம்மா பனி கொட்டுகிற காலையில் தனியாக பஸ் ஏறிப் போய் வருகிறாள். என் மகள் மல்லிகா இங்கிலீஷ்காரப் பிள்ளைகளோடு உட்கார்ந்து லத்தீன் படிக்கிறாள். அவளுடைய அப்பன் ராயபுரத்தில் மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை.

இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று இருக்கிறது. இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் கப்பல் கம்பெனி வேலைக்குப் போகுமுன் ஒரு சின்னப் புத்தகம் வாங்கிப் படிக்கிறார்களாம். வெள்ளைக்காரர்கள் பேச்சில் வருகிற மரபுத்தொடர்களுக்குத் தமிழில் அர்த்தமும், எப்போது யாரிடம் சொல்வது என்ற விவரமும் சொல்கிற புத்தகம். அந்தப் புத்தகத்தில் பாதி நான். உங்கள் படிப்பகத்து மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் இதைத்தான் எழுதுவேன்.

2

போன மாதம் மெட்ராசிலிருந்து வந்த சரக்குக் கப்பலில் நரசிம்மன் என்று ஒரு பிள்ளை வந்திருந்தது. திருவொற்றியூர்க்காரன், கப்பலில் கணக்குப் பார்க்கிற உதவியாளன். என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துறைமுக அதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். காலையில் நரசிம்மன் ஏதோ காகிதத்தைத் தப்பான இடத்தில் கொடுத்துவிட்டிருக்கிறான் போல. அவர் அதைக் கேட்டார். இவன் எழுந்து நின்று, ‘ஐ புட் மை ஃபுட் இன் இட், சார்’ என்றான். காலைக் கொண்டுபோய் வைக்கக் கூடாத இடத்தில் வைத்துவிட்டேன், அதாவது நானே சொதப்பிவிட்டேன் என்று அர்த்தம். அதிகாரி சிரித்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தொடருக்கு அர்த்தம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கும். ஆனால் இது மேலதிகாரியிடம் சொல்லக்கூடிய தொடர் என்பது பள்ளிக்கூடத்தில் கிடைக்காது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

“டோல்கேட்டாண்ட காதர் பாய் சார் சாயங்காலத்துல கிளாஸ் எடுக்குறாருண்ணே. அவரு போட்ட புக்கு கீது, பாக்குறீங்களா?”

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். திறந்தேன். ஒவ்வொரு தொடருக்கு முன்னாலும் ஓர் எழுத்து. ‘ஏ’ என்றால் ஏற்றம், ‘இ’ என்றால் இறக்கம், ‘ச’ என்றால் சமதளம். அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது. முன்னுரையைப் படித்ததும் அதே பாலில் உப்பு விழுந்தது. என்னோடு துறைமுகத்தில் வேலை பார்த்த காதர், ஆண்டவனுக்கு நன்றி சொல்லியிருந்தான். பெற்றவர்களுக்கு, அச்சகத்தாருக்கு, காகிதம் வாங்கித் தந்த மைத்துனருக்கு எல்லாம் நன்றி சொல்லியிருந்தான். என்னைக் காணோம்.

முழுக்கக் காணோம் என்றும் சொல்ல முடியாது. நடுவில் ஓரிடத்தில், தவறான உபயோகத்துக்கு உதாரணமாக ‘துறைமுகத் தொழிலாளி ஒருவர்’ வருகிறார். கப்பல் அதிகாரியைப் பார்த்துச் சாக்சைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொல்லி, கப்பலை விட்டுத் துரத்தப்படுகிறார். அந்தத் தொழிலாளி நான்தான் என்றேன். நரசிம்மன் வாயில் வைத்த கவளத்தை விழுங்காமலே என்னைப் பார்த்தான்.

“அந்த சாக்ஸ் நைனா நீங்கதானா? கிளாஸ்ல அந்தக் கதைக்குத்தாண்ணே செம சிரிப்பு.”

கல்லாவில் உட்கார்ந்திருந்த மல்லிகாவும் சிரித்தாள். அந்த ஏற்ற இறக்கக் கணக்கைக் கண்டுபிடித்ததே நான்தான் என்று அவளிடம் சொன்னேன். புத்தகத்தை வாங்கி முன்னட்டை, பின்னட்டை, உள்பக்கம் எல்லாம் புரட்டினாள்.

“நீதான் கண்டுபுட்ச்சேன்னா உன் பேரு எங்க நைனா?”

அதற்கு மேல் ஒன்று இங்கிலீஷில் சொன்னாள். சொந்த ஊதுகுழலைத் தானே ஊதிக்கொள்வது என்று ஒரு தொடர் இருக்கிறது, தற்பெருமைக்காரனைச் சொல்வது. கடை கட்டிய கதை, அம்மிக்கல் கதை, இதெல்லாவற்றையும் அவள் நம்புகிறாள், கண்ணால் பார்க்கிறாள். இதை மட்டும் நம்பவில்லை. இங்கிலீஷ் விஷயத்தில் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுடைய முடிவு. வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே என் உச்சரிப்பைத் திருத்துகிற பெண் அவள்.

இரண்டாம் பதிப்புக்கு இப்போதுதான் எழுத்துக் கோத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நரசிம்மன் போகும்போது சொல்லிவிட்டுப் போனான். அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

3

நடந்ததைச் சொல்கிறேன். யுத்தம் முடிந்த கையோடு மெட்ராஸ் துறைமுகத்தில் எனக்குக் கைகாட்டி வேலை. கப்பலின் அடிக்கிடங்குக்குள் மூட்டை கட்டுகிறவன், மேலே அதைத் தூக்குகிற வின்ச் யந்திரத்தை ஓட்டுகிறவனுக்குத் தெரிய மாட்டான். இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி மேல்தளத்தில் கிடங்கு வாயோரம் நின்று கையால் குறி காட்ட வேண்டும். விரலை மேலே சுழற்றினால் ஏத்து. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் எறக்கு. கையைப் படுக்கைவாட்டில் வீசினால் அப்படியே தளத்துக்குக் கொண்டுபோ. என் கை தப்பினால் கீழே ஒருவன் தலை போகும். எனக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

காதர் தண்டையார்ப்பேட்டைக்காரன், கரையில் நின்று மூட்டை எண்ணுகிற கிளார்க். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். அவனுக்கு ஒரு வெள்ளைக்காரக் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் உள்ளே உட்காருகிற வேலைக்குப் போக வேண்டும் என்று உயிர். ஒருமுறை நேர்முகத்துக்குப் போய்த் தோற்று வந்திருந்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய மரபுத்தொடர் புத்தகத்தை உருப்போட்டுக்கொண்டு போனவன்தான். உட்கார் என்று துரை சொன்னதும் இவன், ‘லெட் அஸ் கெட் டவுன் டு பிராஸ் டாக்ஸ், சார்’ என்றிருக்கிறான். வெட்டிப்பேச்சு வேண்டாம், விஷயத்துக்கு வருவோம் என்று அர்த்தம். துரை உடனே விஷயத்துக்கு வந்து அவனை வெளியே அனுப்பிவிட்டார். அர்த்தம் சரி, இலக்கணம் சரி, சார் கூடப் போட்டேனே, எங்கே தப்பு என்று இவனுக்குப் புரியவே இல்லை.

எனக்கும் அப்போது புரியாது. நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் அப்போது ஒரே எண்ணம்தான். தமிழில் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ ஒட்டிவிட்டால் மரியாதை வந்துவிடுகிறது அல்லவா? வா என்பது வாங்க ஆகிறது. அதே மாதிரி இங்கிலீஷில் எதைச் சொன்னாலும் ‘சார்’ ஒட்டிவிட்டால் போதும் என்று நினைத்தோம்.

ஒருநாள் மழை தூறி நின்றது. கிடங்கு வாயை மூடியிருந்த தார்ப்பாயை எடுக்க இரண்டாம் ஆபீசர் உத்தரவு கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். கீழே ஆள்கள் காத்திருக்கிறார்கள். அவர் எங்கள் மேஸ்திரியைப் பார்த்து அடிக்கடி ‘புல் யுவர் சாக்ஸ் அப்’ என்பார். காலுறையை இழுத்துவிடு, ஒழுங்காக மளமளவென்று வேலையைப் பார் என்பது அதன் பொருள். சரி, சீக்கிரம் ஆகட்டும் என்பதற்கு இவர் ஊர்ப் பேச்சு இதுதானே என்று, அவரிடமே போய், நல்ல பணிவாக, ‘புல் யுவர் சாக்ஸ் அப், சார்’ என்றேன்.

வாட் என்றார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, கூட ஒரு பிளீசும் போட்டு உரக்கச் சொன்னேன்.

அன்றைக்கு என்னை ஏணி வழியாக இறக்கினார்களே, எந்தச் சரக்கையும் அவ்வளவு வேகமாக இறக்கி நான் பார்த்ததில்லை. அந்தக் கப்பல் புறப்படுகிறவரை அந்தப் பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு. எங்கள் கங்கையா மேஸ்திரி கரையில் வந்து என்னைப் பிடித்தார்.

“தொரைகிட்ட இன்னாடா சொன்ன?”

“மருவாதியாத்தான் மேஸ்திரி சொன்னேன். சார் போட்டேன். பிளீசும் போட்டேன்.”

“சார் போட்டு செருப்பால அட்ச்ச மாதிரி கீதுடா.”

அந்த மனுஷர் கைநாட்டு. ஆனால் காதருக்கும் எனக்கும் பிடிபடாத விஷயம் அவருடைய அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. அடி அடிதான், அதற்கு மேலே என்ன பூச்சூட்டினாலும்.

4

அடுத்த கப்பலிலிருந்து நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யோசித்துப் பாருங்கள், கைகாட்டி நிற்கிற இடம் மாதிரி ஓர் இடம் இங்கிலீஷ் கற்க உலகத்திலேயே கிடையாது. மேலே கேப்டன், அவருக்குக் கீழே பெரிய ஆபீசர், சின்ன ஆபீசர், அவருக்கும் கீழே கப்பல் ஆள்கள், மேஸ்திரி, நாங்கள். எல்லாப் பேச்சும் என் காதைத் தாண்டித்தான் போக வேண்டும். அர்த்தம் பார்க்கவில்லை நான். யார் வாயிலிருந்து புறப்பட்டு யார் காதில் விழுகிறது என்று மட்டும் பார்த்தேன்.

காலையில் கேப்டன் பெரிய ஆபீசரிடம் சாக்சை இழுத்துவிடச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் பெரிய ஆபீசர் அதையே சின்னவரிடம் சொல்வார். சாப்பாட்டு வேளைக்குள் அது மேஸ்திரியிடம் வந்து சேரும். ஒருநாளாவது அது மேலே ஏறிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது எறக்குச் சரக்கு.

கேட்டதும் மறந்துபோகும், எனக்கு இங்கிலீஷ் எழுதவும் வராது. அதனால் தொடரைக் கேட்டவுடன் கரையில் நிற்கிற காதருக்கு வாயால் அதைக் கூவிச் சொல்லி, இடது கையால் குறி காட்டுவேன், அவன் எழுதிக்கொள்வான். விரலைச் சுழற்றினால் மேலே போகிற பேச்சு, உள்ளங்கையை அமுக்கினால் கீழே வருகிற பேச்சு, படுக்கைவாட்டில் வீசினால் சமமானவர்களுக்குள் போகிற பேச்சு. வலது கை கம்பெனிக்கு, இடது கை காதருக்கு. ஒருநாள் வின்ச் ஓட்டுகிற பெருமாள் என் இடது கையைப் பார்த்துவிட்டான். தோல் மூட்டைக் கட்டு ஆகாயத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக ஊஞ்சலாடிற்று.

“டேய் தேசப்பா, ஏத்துறதா எறக்குறதா? சரக்கு அந்தரத்துல கீது, நீ பரதநாட்டியம் ஆடிக்கினு கீற.”

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நானும் காதரும் துறைமுக மதில் நிழலில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம். அர்த்தம் சொல்வது அவன், திசை சொல்வது நான். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிச் சேர்த்த பிறகு, ஏறுகிறதெல்லாம் ஏன் ஏறுகிறது என்று எனக்குப் பிடிபட்டது. தன்னைத்தானே குறைத்துக்கொள்கிற பேச்சு எவ்வளவு உயரத்துக்கும் ஏறும். ‘இட் ஸ்லிப்டு மை மைண்ட், சார்’, மனசிலிருந்து நழுவிவிட்டது, மறந்துவிட்டேன். ‘ஐ ஆம் அண்டர் த வெதர், சார்’, உடம்புக்கு முடியவில்லை. கேப்டனிடமே சொல்லலாம். அடுத்தவனைக் குத்துகிற பேச்சு கீழேதான் இறங்கும். ‘டர்ன் ஓவர் எ நியூ லீஃப்’, புது ஏட்டைப் புரட்டு, இனிமேலாவது திருந்து. இதை மேலே தூக்கினால் சங்கிலி அறுந்துவிடும். உன்னையும் என்னையும் சேர்த்துக் கட்டுகிற பேச்சு தளத்தோடு போகும். ‘வீ ஆர் இன் த சேம் போட்’, நாம் ஒரே படகில் இருக்கிறோம், உனக்கு வந்த கஷ்டம்தான் எனக்கும்.

காதர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான்.

“மாமு, இந்தக் கணக்கு எந்த புக்லயும் இல்லடா.”

இதை அவன் சொன்னான். அவன் வாயால் சொன்னான். மறந்திருக்க மாட்டான்.

அவன் மறுபடியும் அதே ஆபீசில் நேர்முகத்துக்குப் போனான். துரை ஏதோ சரக்குக் காப்பீட்டைப் பற்றிக் கேட்டார். தெரியவில்லை. பழைய காதராக இருந்தால் துரைக்கே புத்தி சொல்லியிருப்பான். புதுக் காதர், ‘ஐ ஆம் ஸ்டில் ஃபைண்டிங் மை ஃபீட், சார்’ என்றான். இன்னும் காலூன்றப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். ஏத்துப் பேச்சு, சுத்தமான முதல்தரச் சரக்கு. அடுத்த திங்கள்கிழமை அவன் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தான். யானைக்கவுனியில் எனக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தான். நான் அதற்குப் பிறகு கப்பலேறினேன். அவன் கிளாஸ் வைத்தான், புத்தகம் போட்டான்.

5

அந்தக் கணக்கு இந்த ஊரிலும் வேலை செய்கிறதா என்று கேட்பீர்கள். மாடியில் ஆள் தங்கவைக்க நகராட்சியில் அனுமதி வாங்க அலைந்தேனே, அதைச் சொன்னால் போதும். ஒவ்வொரு தடவையும் அந்த அதிகாரி, ‘லீவ் இட் வித் மீ’ என்பார். என்னிடம் விட்டுவிடு என்று அர்த்தம். விட்டுவிட்டு வருவேன், அதுவும் அங்கேயே கிடக்கும். கடைசியில் என் கை கட்டிக் கிடக்கிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆரம்பித்தார். ஆபீசுன்னா எந்த ஊர்லயும் ஆபீசுதான் என்று கன்னியம்மா தமிழில் முணுமுணுத்தாள். நான் கோபப்படவில்லை. ‘ஐ ஆம் அட் த எண்ட் ஆஃப் மை டெதர், சார்’ என்றேன். முளையில் கட்டிய மாடு கயிறு போகிற தூரம் போய், இனிமேல் ஓரடியும் எடுத்துவைக்க முடியாமல் நிற்கிற நிலை. தன்னைக் குறைத்த பேச்சு, அதனால் ஏறியது. அவர் எழுந்து கன்னியம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அனுமதி அந்த வாரமே வந்தது.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கே வந்த பிறகு என் கணக்கில் சில ஓட்டைகள் தெரிகின்றன. இரண்டாம் பதிப்பில் காதர் இவற்றைச் சேர்க்க வேண்டும். கடைக்கு வருகிற துறைமுகத்து ஆள்கள் சிரித்துக்கொண்டே என்னிடம், சாக்சை இழுத்துவிடு தேஸ், டீ எங்கே என்பார்கள். எறக்குப் பேச்சை நட்பில் சொன்னால் அது சமதளம். முகத்தைப் பார்த்துத்தான் குறி போட வேண்டும். பிறகு, பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது என்று ஒரு தொடரைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறான். இந்த ஊரில் மழைதான் முழுநேரத் தொழில். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை எடுத்துவிடலாம்.

மூன்றாவது ஓட்டை என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் பேர் இல்லாத அந்தப் புத்தகத்தைப் பார்த்த அன்றைக்குக் கொஞ்சம் சத்தம் போட்டேன். மல்லிகா என்னைப் பார்த்து, ‘கீப் யுவர் ஹேர் ஆன்’ என்றாள். தலைமுடியை விட்டுவிடாதே, கோபப்படாதே என்று பொருள். என் தலையில் பிடித்துக்கொள்ள முடி இல்லை என்பது வேறு விஷயம். பெற்ற அப்பனிடம் எறக்குப் பேச்சா என்று கேட்டேன்.

“எறக்கு இல்ல நைனா. என் கூட்டாளிங்ககிட்ட பேசற மாதிரிதான் உன்கிட்ட பேசுறேன். அது இன்னா எழுத்து?”

ராயபுரத்தில் ஒரு பெண் தன் அப்பனிடம் அப்படிச் சொல்லியிருந்தால் ‘இ’ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். இவள் முகத்தைப் பார்த்தேன். கேலி இருந்தது, மட்டம் தட்டுகிற முகம் இல்லை. தமிழில் என்னை நைனா என்று கூப்பிடுகிறவள், இங்கிலீஷில் தோஸ்து மாதிரிப் பேசுகிறாள். போகட்டும் என்று ‘ச’ போட்டேன். அந்தக் கணக்கை நீதான் கண்டுபிடித்தாய் என்றால் அதைக் காதர் அங்கிளே சொல்லட்டும், நான் நம்புகிறேன் என்றாள். அவளும் என் மகள்தானே, பேரம் பேசத் தெரியும்.

6

காதரே, படிப்பக மலர் உன் கைக்கு வரும் என்று தெரியும். உன் அர்த்தங்களில் நான் பங்கு கேட்கவில்லை. அவை உன்னுடையவை, நன்றாகவும் எழுதியிருக்கிறாய். கிளாசில் என் சாக்ஸ் கதையைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கிறாயாமே, அதையும் நிறுத்த வேண்டாம். பிள்ளைகள் சிரித்தால்தான் மனசில் நிற்கும். ஆனால் தப்புப் பண்ணிய தொழிலாளி ஒருவர் புத்தகத்தில் இருக்கிறார், கணக்கைக் கண்டுபிடித்த தொழிலாளி இல்லை. இரண்டும் ஒரே ஆள் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பெருமாளுக்கும் தெரியும். அச்சில் இல்லை.

இரண்டாம் பதிப்பில் இப்படிப் போடு: ‘ஏற்றம், இறக்கம், சமதளம் என்ற பகுப்பு: ராயபுரம் தேசப்பன், துறைமுகக் கைகாட்டி.’ கைகாட்டி என்பதை விட்டுவிடாதே. சாப்பாட்டுக் கடை முதலாளி என்று போடாதே, அது இதற்குச் சம்பந்தமில்லை. முன்னுரையில் நன்றி என்று நாலு பேரோடு சேர்த்துப் போடுவதும் வேண்டாம். முகப்புப் பக்கத்தில் போடு. உன் பேருக்குக் கீழே போட்டால் நீ துரையாகிவிடுவாய், மேலே போட்டால் நான் துரையாகிவிடுவேன். ஒரே வரியில் பக்கத்தில் போடு.

அச்சானதும் ஒரு பிரதி அனுப்பு. மல்லிகா பேருக்கு அனுப்பு. எனக்கு வேண்டாம், அதில் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும்.